இசைப் புலமையும் பொருட் செட்டும்

கலைமகளும் திருமகளும் ஓரிடத்து ஒருங்கே உறைவதில்லை என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கை. பாணனும் பொருநனும் விறலியும் பசியோடு வழிநடந்து வள்ளலின் வாயிலை நாடிச் சென்ற செய்தியே ஆற்றுப்படை நூல்களுக்குப் பொருளாயிற்று. இதனாற் போலும், இசைவாணன் வறியனாயிருத்தல் இயல்பு என்றும், பொருளைப் பற்றி அவன் எண்ணுதல் கலைக்கு இழுக்கு என்றும் கருதும் மனப்பான்மை எம்மிடையே வேரூன்றிவிட்டது. இக்கருத்து வரலாற்றுக்கு ஒத்ததா என்பதை ஆராய்தல் பயனுடைத்து. இசைவாணரின் வறுமைக்குக் காரணம் அவர்தம் கலையா, அன்றி அவர்க்கு வருவாய் வந்து சேர்ந்த முறையா? அவ்வருவாயை அவர்கள் ஆண்ட விதம் எத்துணைப் பங்கு கொண்டது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் இசைப் பெரியார் மூவரது வாழ்க்கை சிறந்த சான்றாகும். அவர்தம் கடிதங்களும் ஒப்பந்தங்களும் கணக்குகளும் இன்றும் எஞ்சியிருத்தலின், ஊகத்துக்கு அதிக இடமின்றி உண்மையைக் காணலாம்.

ஐரோப்பாவுக்குச் செல்லுமுன் தஞ்சைப் பெருங்கோயிலின் சுவரை ஒருமுறை நோக்குவாம். முதலாம் இராசராச சோழன் (985–1014) தான் எடுப்பித்த அக்கோயிலுக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும், நட்டுவஞ் செய்வார், பாடுவார், கருவி இசைப்பார் முதலிய பலரையும் நியமித்தான். அவர்க்கு அளிக்கப்பட்ட ஊதியம் காசன்று, பங்கு. ஒரு பங்காவது ஒரு வேலி நிலத்தின் விளைவாகிய நூறு கலம் நெல். தளிச்சேரிப் பெண்டு ஒருத்திக்கு ஒரு பங்கு. நட்டுவஞ் செய்வானுக்கு இரண்டு பங்கு. பங்கு பெற்றார் ஒருவர் இறந்துபட்டாலோ ஊரை விட்டு நீங்கினாலோ அவர்க்கு அடுத்த முறையுடைய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்தல் வேண்டும்; அவ்வுறவினர் அக்கலையில் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரை அமர்த்திப் பணி செய்வித்துப் பங்கைக் கொள்ளலாம். இவ்விதி கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளது. ஊதியம் நெல்லாதலின் விலையேற்றம் கலைஞனை வாட்டாது. பணி ஆண்டு முழுவதும் உள்ளதாதலின் வருவாய் இடையறாது. கலைஞன் மறைந்த பின் குடும்பம் தெருவில் நில்லாது. ஆயினும் இப்பாதுகாப்புக்கு ஒரு விலையுண்டு. கலைஞர் கோயிலுக்கு உரியர். தம் கலையைத் தாம் விரும்பிய இடத்தில் விலை கூறும் உரிமை அவர்க்கில்லை.

ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளின் பின், பாதுகாப்புக்கும் உரிமைக்கும் இடையிலான இப்போராட்டத்தை ஒஸ்திரிய நாட்டிற் காண்கிறோம். யோசேப்பு ஹைடன் (1732–1809) என்னும் இசையமைப்பாளர் 1761 ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி எஸ்டர்ஹாசி என்னும் பிரபு குடும்பத்திற் பணியேற்றார். ஆண்டுச் சம்பளம் 400 புளோரின். பின்னர் அது 600 ஆக உயர்ந்தது. அவ்வொப்பந்தத்தின்படி அவர் அரண்மனைச் சீருடை அணிதல் வேண்டும். இளவரசர் கட்டளையிடும் இசையை ஆக்குதல் வேண்டும். ஆக்கியதைப் பிறர்க்கு வழங்கலாகாது. இவை கடுமையான விதிகளே. எனினும் 1768 இலும் 1776 இலும் அவருடைய வீடு தீக்கிரையானபோது, இருமுறையும் அதனை மீளக் கட்டுவித்தவர் இளவரசரே. ஊழியனுக்கு நேரும் இடுக்கண் தலைவனின் பொறுப்பாயிருந்தமைக்கு இது சான்று.

ஹைடன் இப்பாதுகாப்பினுள் இருந்துகொண்டே தம் உரிமையையும் படிப்படியாக விரித்துக்கொண்டார். 1779 இல் எழுதப்பட்ட புதிய ஒப்பந்தத்தில், இசையைப் பிறர்க்கு வழங்கலாகாது என்னும் விதி இடம் பெறவில்லை. அதன் பின்னர் அவர் வியன்னாவிலும் இலண்டனிலும் உள்ள பதிப்பாளர்க்குத் தம் இசையை விற்கத் தொடங்கினார். 1790 இல் இளவரசர் நிக்கலசு இறந்தபோது ஹைடனுக்கு ஆண்டுக்கு 1,000 புளோரின் ஓய்வூதியம் விட்டுச் சென்றார். அடுத்து வந்த இளவரசர் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார். ஆனால் ஹைடனுக்கு மேலும் 400 புளோரின் வழங்கி அவரைப் பெயரளவில் வைத்துக்கொண்டார். இவ்வாறு அடிவருவாய் உறுதிப்பட்ட பின்னரே, ஐம்பத்தெட்டு வயதில், அவர் இலண்டன் செல்ல இசைந்தார். அங்கும் வெறும் வாய்ச்சொல்லை நம்பிச் சென்றாரல்லர். அவரை அழைத்த சாலமன் என்பவர் நாடக இசைக்கு 300 பவுண், ஆறு சிம்பனிகளுக்கு 300 பவுண், அவற்றின் பதிப்புரிமைக்கு 200 பவுண், வேறு இருபது உருப்படிகளுக்கு 200 பவுண், ஒரு தனிக் கச்சேரியின் வருவாயாகக் குறைந்தது 200 பவுண் என ஒவ்வொன்றாக வரையறுத்து உறுதி கூறினார். அன்றியும் 5,000 புளோரினை வியன்னாவில் ஒரு வங்கியிற் பிணையாக முன்னரே வைத்தார். அத்தனிக் கச்சேரியில் உறுதி கூறப்பட்ட 200 பவுணுக்குப் பதிலாக 350 பவுண் கிடைத்தது. இரண்டாம் பயணத்தில், 1795 மே 4 ஆம் திகதி நடந்த ஒரே கச்சேரியில் 4,000 புளோரின் ஈட்டினார். அரண்மனையில் அவர் தொடக்கத்திற் பெற்ற சம்பளத்தின் பத்தாண்டுத் தொகை அது.

இனி, வொல்ப்கங் மோட்சாட்டின் (1756–1791) வரலாற்றைக் காண்பாம். சால்ஸ்பேக் நகரின் பேராயரிடம் ஆண்டுக்கு 450 புளோரின் சம்பளத்தில் ஊழியஞ் செய்த அவர், அவ்வூழியத்தின் இழிவு பொறாது 1781 இல் அதனை உதறி வியன்னாவில் தனித்து வாழத் தலைப்பட்டார். சம்பளமில்லை, மாணாக்கரும் கச்சேரிகளும் பதிப்பாளருமே வருவாய்க்கு வழி. அந்நாளில் அவர் பொருளறிவு அற்றவராயிருந்தார் என்று கூறுவது பிழை. முதலிற் பன்னிரண்டு பாடங்களுக்கு ஆறு டியூக்கற் என்று கூலி பேசினார். மாணாக்கர் வாரக்கணக்கிற் பாடத்துக்கு வராது விட்டமையாற் பணம் வரவில்லை. உடனே அம்முறையை மாற்றி, பாடம் கேட்டாலும் கேளாவிட்டாலும் மாதம் ஆறு டியூக்கற் தருதல் வேண்டும் என விதித்தார். 1782 சனவரியில் மூன்று மாணாக்கரால் மாதம் 18 டியூக்கற், அஃதாவது 81 புளோரின், கிடைத்ததாகத் தந்தையார்க்கு எழுதினார். இன்று வீடு வீடாகச் சென்று இசை கற்பிப்போர் நன்கறிந்த இடர்ப்பாடு இது. மோட்சாட் கண்ட தீர்வும் இன்றளவும் பொருந்துவதே.

1784 ஆம் ஆண்டு அவர் வாழ்வின் உச்சம். அவ்வாண்டு நோன்புக் காலத்தில் நடத்திய மூன்று கச்சேரிகளுக்கு முன்கட்டணம் செலுத்தியோர் 174 பேர். ஒருவர்க்கு ஆறு புளோரின் வீதம் 1,044 புளோரின் சேர்ந்தது. மூன்று மாலைப்பொழுதில் ஈட்டிய இத்தொகை அவருடைய பழைய சம்பளத்தின் இரண்டு மடங்கிலும் அதிகமாகும். அவ்வாண்டு செப்ரெம்பரில் நகரின் நடுவே ஒரு பெரிய மனையில் அவர் குடியேறினார். ஆண்டு வாடகை 460 புளோரின். சால்ஸ்பேக்கில் ஓராண்டு முழுவதும் உழைத்துப் பெற்ற சம்பளத்திலும் இது பத்துப் புளோரின் கூடுதல். சவாரிக்குக் குதிரை, விளையாடப் பில்லியட் மேசை, பிரபுக்களின் அவைக்கு ஏற்ற உடை ஆகியனவும் வந்து சேர்ந்தன. 1785 மார்ச்சில், மகனைக் காண வந்திருந்த தந்தையார் லியோபோல்டு, ஒரு கச்சேரியிற் சேர்ந்த பணம் 559 புளோரின் எனக் கணக்கிட்டு, கடன் யாதும் இல்லாவிடின் மகன் இப்போது 2,000 புளோரினை வங்கியில் இடக்கூடும் என்று தம் மகளுக்கு எழுதினார். அதே ஆண்டு நவெம்பரில் மோட்சாட் ஒரு பதிப்பாளரிடம் பணம் வேண்டிக் கடிதம் எழுதுகிறார். பதிப்பாளர் அனுப்பியது இரண்டு டியூக்கற்.

இவ்வெட்டு மாதத்துள் நிகழ்ந்தது யாது? இதனை விளக்கும் சான்று ஒன்று உண்டு. 1784 இல் மோட்சாட் இரண்டு ஏடுகளைத் தொடங்கினார். ஒன்று தாம் ஆக்கும் இசை உருப்படிகளின் பட்டியல். மற்றையது வரவு செலவுக் கணக்கு. கணக்கேட்டில் 1784 மே 27 ஆம் திகதி ஒரு பாடும் பறவையை 34 குறொயிட்சருக்கு வாங்கியதும் பதியப்பட்டிருந்தது. (60 குறொயிட்சர் கொண்டது ஒரு புளோரின்.) சில்லறைச் செலவையும் விடாது எழுதிய அவ்வேட்டை ஏறக்குறைய ஓராண்டில் அவர் கைவிட்டார்; சிறிது காலம் மனைவி கொன்ஸ்ரான்சா தொடர்ந்தார்; பின் அதுவும் நின்றது. இசைப் பட்டியலோ அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு வரை, ஏழாண்டுக்கு மேலாக, திகதியும் தொடக்க அடியும் தவறாது எழுதப்பட்டது. ஒழுங்காகப் பதிவு செய்யும் ஆற்றல் அவரிடம் இல்லாமற் போகவில்லை. அவ்வாற்றலைப் பணத்தின்பாற் செலுத்தாமையே குறை. வருவாய் மிகுந்த ஆண்டில் வாடகையை உயர்த்திய அவர், அவ்வருவாய் எத்தகையது என்பதைக் கணக்கேட்டில் நின்று நோக்கினாரல்லர். வாடகை மாதந்தோறும் வளர்வது. கச்சேரி வருவாயோ பருவத்துக்கு மாத்திரம் உரியது.

எல்லாப் பழியையும் அவர்மேற் சுமத்துதலும் நீதியன்று. அக்காலத்தில் இசையமைப்பாளர்க்கு ஆக்கவுரிமைச் சட்டத்தின் காப்பு இல்லை. பிகாரோவின் திருமணம் என்னும் இசைநாடகத்துக்கு 1786 இல் அவர் பெற்றது 450 புளோரின், ஒரே முறை. அந்நாடகம் பிராகு நகரிற் பெரும்புகழ் பெற்று மீண்டும் மீண்டும் நடிக்கப்பட்டது. அதனால் ஆக்கியோன் பெற்ற பங்கு யாதுமில்லை. பிரதி எடுப்போர் திருடி விற்றுவிடுவர் என அஞ்சி, தம் வீட்டிலேயே, தம் கண்முன்னே பிரதி எடுப்பிக்க வேண்டிய நிலை அவர்க்கு இருந்தது. 1787 திசெம்பரில் பேரரசர் அவரை அவைக்களத்து இசைப்புலவராக்கினார். அவர்க்கு முன் இருந்த குளுக்கு என்பவர் பெற்ற சம்பளம் 2,000 புளோரின். மோட்சாட்டுக்கு வழங்கப்பட்டது 800. 1788 இல் ஒஸ்திரியா துருக்கியருடன் போர் தொடங்கியது. பிரபுக்கள் பலர் போர்முனைக்கோ தம் நாட்டுப்புற மாளிகைகளுக்கோ சென்றனர், விலைவாசி ஏறியது, கச்சேரிகள் அருகின. 1789 இல் மீண்டும் முன்கட்டணக் கச்சேரி நடத்த எண்ணிப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். இரு வாரங்களின் பின் அதில் ஒரே பெயர் இருந்தது. ஐந்தாண்டின் முன் 174, இப்போது ஒன்று. இசையின் தரம் குன்றவில்லை. கேட்போர் ஊரில் இல்லை.

அக்காலத்தில் அவர் மிகயேல் புக்பேக் என்னும் துணி வணிகரிடம் கடன் வேண்டி எழுதிய கடிதங்கள் படிப்போர் நெஞ்சை உருக்குவன. 1788 யூனில் எழுதிய கடிதமொன்றில் ஒரு சிறந்த பொருளியல் உண்மை அடங்கியுள்ளது. கையில் ஒரு முதல் இல்லாமல், வருவதும் வராததுமாகிய சிறு வரும்படியைக் கொண்டு குடும்பத்தை ஒழுங்காக நடத்தல் இயலாது எனக் கூறி, ஓராண்டு ஈராண்டுத் தவணையில் வட்டிக்கு ஆயிரம் அல்லது ஈராயிரம் புளோரின் தருமாறு வேண்டினார். புக்பேக் அனுப்பியது 200. முதல் வேண்டும் என்ற உண்மையை மோட்சாட் அறிந்தது முதலைச் சேர்த்திருக்கக்கூடிய காலம் கழிந்த பின்னரேயாம். மூன்றாண்டில் புக்பேக் கொடுத்த தொகை ஏறக்குறைய 1,400 புளோரின். 1791 நவெம்பரில் லிக்னொவ்ஸ்கி என்னும் பிரபு தொடுத்த வழக்கில் 1,435 புளோரின் 32 குறொயிட்சர் செலுத்துமாறு அவர்க்கெதிராகத் தீர்ப்பாயிற்று. திசெம்பர் 5 ஆம் திகதி, முப்பத்தைந்தாம் வயதில், அவர் காலமானார். வீட்டிலிருந்த பணம் 60 புளோரின். பொருள்களோடு சேர்த்து மதிக்கப்பட்ட உடைமை 592 புளோரின். எழுதப்பட்ட கடன் 918. ஆயினும் பிச்சைக்காரரின் குழியில் அவர் புதைக்கப்பட்டார் என்னும் கதை உண்மையன்று. அந்நாள் வியன்னாவின் நடுத்தரக் குடிமக்களுக்குரிய எளிய அடக்கமே அவர்க்கும் நடந்தது.

இங்கே ஒரு செய்தியை ஊன்றி நோக்குதல் வேண்டும். வியன்னாவில் இசைவாணரின் கைம்பெண்டிரையும் அநாதைப் பிள்ளைகளையும் பேணுதற்கென 1771 இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டிருந்தது. அதன் நிதிக்காக நடந்த கச்சேரிகளில் மோட்சாட் பலமுறை கூலியின்றி வாசித்தார். 1785 இல் அதில் உறுப்பினராக விண்ணப்பித்தார். ஞானஸ்நானப் பத்திரம் சமர்ப்பிக்குமாறு சங்கம் கேட்டது. அவர் அதனைச் சமர்ப்பித்தாரல்லர். அதனால் உறுப்பினராகவுமில்லை. பிறருடைய கைம்பெண்டிர்க்காக வாசித்த அவருடைய மனைவிக்கு, ஒரு கடதாசி இன்மையால், அச்சங்கத்தின் உதவி கிட்டவில்லை. அரச சேவையிலும் பத்தாண்டு நிறையாமையால் ஓய்வூதிய உரிமை இல்லை. கொன்ஸ்ரான்சா பேரரசர்க்கு விண்ணப்பித்த பின், கணவன் சம்பளத்தின் மூன்றிலொரு பங்காகிய 266 புளோரின் 40 குறொயிட்சர் அருட்கொடையாக அளிக்கப்பட்டது. அவ்வம்மையார் அத்துடன் அமையாது, கணவன் இசையைக் கொண்டு கச்சேரிகள் நடத்தினார். எஞ்சிய கையெழுத்துப் பிரதிகளைச் சிதறவிடாது காத்து, 1799 இல் ஒரு பதிப்பாளருக்கு 3,150 புளோரினுக்கு விற்றார். 1842 இல் வசதியோடு வாழ்ந்து மறைந்தார். அதே இசை, ஆண்ட கை வேறு.

மூன்றாமவர் கியோர்க்கு பிரெடெரிக்கு ஹண்டெல் (1685–1759). செருமனியிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த இவர்க்கு ஆன் அரசியார் ஆண்டுக்கு 200 பவுண் வழங்கினார். பின்னர் அது 600 பவுண் ஆயிற்று. இவ்வடிவருவாயை அவர் ஒருபோதும் இழக்கவில்லை. இத்தாலிய இசைநாடகங்களைத் தாமே நடத்தியதில் 1730 களிற் பெருநட்டம் உண்டாயிற்று. வங்கியிலிட்ட பணம் கரைந்தது. 1737 இற் பாரிசவாதமும் தாக்கியது. எனினும் அவர் பழைய தொழிலைப் பற்றிக்கொண்டு அழியவில்லை. 1741 உடன் இத்தாலிய நாடகத்தைக் கைவிட்டு, வேடமும் காட்சித் திரையும் வேண்டாத, ஆகவே செலவு குறைந்த, ஆங்கில ஒறட்டோரியோவுக்கு மாறினார். 1742 இல் டப்ளின் நகரில் முதன்முறை ஒலித்த மெசாயா அவ்வகையினது. 1747 இல் முன்கட்டணம் செலுத்திய செல்வர்க்கே இடம் என்னும் முறையை நீக்கி, அன்றன்று சீட்டு வாங்குவோர் எவரும் வரலாம் என்றாக்கினார். நடுத்தர மக்கள் திரண்டனர். மிஞ்சிய பணத்தை அவர் அரசாங்கக் கடன் பத்திரங்களில் இட்டுவந்தார். இறக்கும்போது அவர் சொத்து ஏறக்குறைய 20,000 பவுண்.

ஹண்டெலின் பெருமை இத்தொகையன்று. இலண்டனில் ஓபோ என்னும் துளைக்கருவி வாசித்த கலைஞர் ஒருவர் இருந்தார். எமது நாதசுரம் போலச் சீவாளி வைத்து ஊதப்படுவது அக்கருவி. புகழ்பெற்றிருந்த அவர் வறுமையில் இறந்தார். சிறிது காலத்தின் பின், கடைத்தெருவிற் கழுதைகளை ஓட்டிச் சென்ற இரு சிறுவர் அவருடைய மக்கள் என இசைவாணர் சிலர் கண்டு நெஞ்சு வருந்தினர். அதன் விளைவாக 1738 இல் நலிவுற்ற இசைவாணரையும் அவர் குடும்பத்தாரையும் பேணும் நிதி ஒன்று தோன்றிற்று. தொடக்க உறுப்பினருள் ஹண்டெலும் ஒருவர். தம் நட்டங்களுக்கு இடையே சந்தா செலுத்திய அவர், இறப்பதற்குச் சில நாள் முன் அந்நிதிக்கு 1,000 பவுண் எழுதிவைத்தார். 1790 இல் அரச பட்டயம் பெற்ற அச்சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

மூவர் வரலாற்றையும் ஒப்புநோக்குமிடத்துச் சில உண்மைகள் தெளிவாகும். மூவரும் மேதைகள், மேதைமை அவர்தம் பொருள்நிலையைத் தீர்மானிக்கவில்லை. ஹைடனும் ஹண்டெலும் சிறிதாயினும் உறுதியான ஓர் அடிவருவாயைக் காத்து, அதன்மேலே துணிவான முயற்சிகளை ஏற்றினர். மோட்சாட்டோ நிலையற்ற வருவாயின்மேல் நிலையான செலவை ஏற்றினார். நல்லாண்டின் மிகுதி தீயாண்டுக்கு உரியது என்பதை உழவன் அறிவான். விதைநெல்லை அவன் உண்பதில்லை. இசைவாணனும் பருவத்தை நம்பி வாழும் ஓர் உழவனே. தஞ்சைப் பெருங்கோயில் அவ்வறிவைத் தானே மேற்கொண்டு கலைஞனுக்கு ஆண்டு முழுவதும் நெல் அளந்தது. அத்தகைய தலைவன் நீங்கிய பின், அப்பொறுப்பு கலைஞன் தலைமேலேயே விழுந்தது. தலைவனிடமிருந்து விடுதலை பெற்றவன் தலைவன் செய்த கடமையையும் தானே ஏற்றல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

எம் நாட்டுக்கும் இது புறம்பன்று. எம் ஊர்களின் நாதசுர, தவில் வித்துவான்களைக் கோயிற் கொடியேற்றக் காலத்தில் ஒரு நாளும் ஓய்வின்றிக் காண்கிறோம். கலியாணம் நிகழாத ஆடியிலும் மார்கழியிலும் அவர்தம் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிகிறது என்று கேட்பார் சிலரே. ஆசிரியராகிய எமக்கு அரசாங்கம் ஓய்வூதியம் வகுத்துள்ளது. தொழில் கொள்வோரிடம் மாதச் சம்பளம் பெறுவோர்க்கு 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் உண்டு. அச்சாரம் வாங்கி ஊர் ஊராகச் சென்று வாசிப்பவனுக்கோ தலைவன் எனக் காட்டத்தக்கவன் ஒருவனுமில்லை. திருவிழாவுக்குத் திருவிழா சிறுதொகை இட்டுவரும் ஒரு பொதுநிதியை அவர்கள் தமக்குள் அமைத்துக்கொள்ளலாம். கோயில் தருமகர்த்தாக்களும் ஒவ்வொரு விழாச் செலவிலும் அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கலாம். சீட்டுப் பிடித்தும் கூட்டுறவுச் சங்கம் நடத்தியும் பழகிய எம் மக்களுக்கு இது புதுமையன்று.

இசை பயிலும் மாணவர்க்கும் ஒரு சொல். சுருதியும் லயமும் பயில்வதோடு கணக்கெழுதவும் பழகுக. உறுப்பினராதற்கு வேண்டிய பத்திரத்தை நாளை என்னாது இன்றே கொடுத்துவிடுக. லயம் தவறாதவன் கணக்குத் தவறாதிருத்தல் அரிதன்று. பொருளைப் பேணுதல் கலைக்கு இழுக்காகாது. கலைஞன் வீட்டுப் பிள்ளைகள் தெருவில் நிற்கும்படி விடுவதே கலைக்கும், அக்கலையைக் கேட்டு மகிழ்ந்த சமுதாயத்துக்கும் இழுக்காம்.